வண்டி பழகலாம் வாங்க: வாசகர் கேள்வி - பதில்

(கும்பகோணம் பக்கம் ஒரு ரைஸ் மில்லின் சிமெண்ட் களத்தில், காலையில் நெல் கொட்டும் முன், பெண்களுக்கும் புதியவர்களுக்கும் இருசக்கர வண்டி கற்றுத்தரும் பயிற்சியாளர் பதில் சொல்கிறார்.)

எனக்கு 43 வயது. கணவர் துபாயில் இருக்கிறார். அவருடைய ஸ்ப்ளெண்டர் வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், ஸ்கூட்டி ஓட்டியதில்லை. நேராக கியர் வண்டி பழகலாமா? இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறார் மாமியார்.
- வாசகி, பாபநாசம்

தாராளமாகப் பழகலாம். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு பேலன்ஸ் கற்றுத்தர வேண்டியதில்லை, எனக்குப் பாதி வேலை மிச்சம். மாமியாருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. லைசென்ஸ் வந்ததும் பின்னால் உட்கார வைத்து சுவாமிமலைக்கு ஒரு நடை கூட்டிப் போய் வாருங்கள். அதுவரை அவரை ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆரில், அதாவது பழகுநர் லைசென்ஸில் ஓட்டும்போது, கற்றுத்தருகிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றச் சட்டம் விடாது.

முதலில் வண்டியைக் கவனியுங்கள். மாதக் கணக்கில் நின்ற வண்டி என்றால் டயரில் காற்று இருக்காது, பேட்டரி படுத்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும். மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் தேதியையும் பாருங்கள். நின்ற வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு என்று விட்டுவிடும் வீடுகள் நிறைய.

அப்புறம் களத்துக்கு வாருங்கள். முதல் நாள் நான் சாவியைக் கையில் கொடுப்பதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு களத்தைச் சுற்ற வேண்டும், பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும், சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுக்க வேண்டும். 110 கிலோ சொச்சம் கனம் அது. ஸ்டாண்ட் போடக் கைபலத்தால் தூக்கப் பார்க்காதீர்கள். வலது காலால் ஸ்டாண்டை மிதித்து, இரண்டு முனையும் தரையில் பட்ட பிறகு உங்கள் உடம்பின் கனம் முழுவதையும் அந்தக் காலில் இறக்குங்கள், வண்டி தானே பின்னால் ஏறி உட்காரும். வண்டியின் கனம் பழகிவிட்டால் விழுந்துவிடுவோம் என்கிற பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது கிளட்ச். இங்கேதான் நான் நேரத்தைச் செலவழிப்பேன். எஞ்சினை ஓட விட்டு, கிளட்சை முழுதாகப் பிடித்து, முதல் கியர் போடுங்கள். ஸ்ப்ளெண்டரில் எல்லாக் கியரும் முன்பக்கம் மிதித்துத்தான் விழும். வேறு பல வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. இப்போது இரண்டு காலும் தரையில் இருக்கட்டும், ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். இடது கை விரல்களை நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் சற்றுக் கம்மும், வண்டி மூக்கை முன்னால் நீட்டும். அந்த இடத்தில் விரலை நிறுத்துங்கள். வண்டி நடக்கும், நீங்களும் இரண்டு பக்கமும் காலால் நடந்துகொண்டே போகலாம். மறுபடி கிளட்சைப் பிடித்தால் நிற்கும். சமதளத்தில் ஆக்ஸிலேட்டர் இல்லாமலே இது நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. கற்றுத்தருகிற அண்ணன்மார்கள் எடுத்த எடுப்பில் "முறுக்கு, முறுக்கு" என்பார்கள். முறுக்கியதும் கிளட்ச் நழுவும், வண்டி துள்ளும், வேலியில் போய் நிற்கும். அதோடு அந்தப் பெண் வண்டியைத் தொடமாட்டாள்.

கை அந்த இடத்தைப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் வரை ஆக்ஸிலேட்டருக்குப் போக வேண்டாம். வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும், கிளட்சைப் பிடித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள்.

சைக்கிளால் வரும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் இடது கையில் பிரேக், இதில் கிளட்ச். குறுக்கே ஆடு வந்தால் பழக்க தோஷத்தில் இடது கை மட்டும் இறுக்கும். கிளட்சை மட்டும் பிடித்தால் வண்டி நிற்காது, எஞ்சின் பிடியும் விட்டுப்போய்த் தாராளமாக உருளும். அதனால் நடை வேகத்தில் போகும்போதே "நில்" என்று யாரையாவது திடீரெனக் கத்தச் சொல்லி, முன் பிரேக் பிடிக்கும் வலது கையும் பின் பிரேக் மிதிக்கும் வலது காலும் முதலில் வேலை செய்கிற மாதிரிப் பழகுங்கள்.

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட். ரோட்டில் நன்றாக ஓட்டுகிறேன். எட்டு போடும்போது மட்டும் கால் ஊன்றிவிடுகிறேன். ஃபிரெண்டின் ஸ்கூட்டியில் போட்டால் சுலபமாக வருகிறது. அதிலேயே போட்டுவிடலாமா?
- கல்லூரி மாணவர், திருவாரூர்

ரோட்டில் 40-இல் போகும்போது வண்டி தானே நிமிர்ந்து நிற்கும் தம்பி, அதில் உங்கள் சாமர்த்தியம் கொஞ்சம்தான். மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுகிறவரின் கை தெரியும். எட்டு போடச் சொல்வது அதைப் பார்க்கத்தான்.

நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று நான் சொல்லட்டுமா? முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், தரையில் போட்ட கோட்டை. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். கோட்டைப் பார்த்தால் தலை கவிழும், தலை கவிழ்ந்தால் தோள் இறுகும், ஹேண்டில்பார் திரும்பாது. வளைவுக்குள் நுழையும்போதே முகத்தைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் திருப்பினாலும் தப்பில்லை.

முதல் கியரிலேயே இருங்கள். ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டிக் குறைக்காதீர்கள். வேகத்தை ஹாஃப் கிளட்சிலும் (கிளட்சைப் பாதி விட்டுப் பிடிப்பது) பின் பிரேக்கிலும் வைத்துக்கொள்ளலாம். வலது கால் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கட்டும், வண்டி தளும்பாது. முன் பிரேக்கை மட்டும் தொடாதீர்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். முழங்கால்கள் டேங்கை அணைத்திருக்கட்டும், வண்டி உள்பக்கம் சாய்ந்தாலும் நீங்கள் நிமிர்ந்து உட்காருங்கள். நான்கு செங்கல்லை வைத்துக் காலியிடத்தில் பழகினால் போதும். முதலில் பெரிய வட்டம், வலப்பக்கம் தனியாக, இடப்பக்கம் தனியாக. ஒரு பக்கம் நிச்சயம் தகராறு செய்யும், அந்தப் பக்கத்தில் அதிகம் சுற்றுங்கள்.

ஸ்கூட்டி விஷயம்: கியர் வண்டி லைசென்ஸ் வேண்டுமானால் டெஸ்டும் கியர் வண்டியில்தான். அது கிடைத்துவிட்டால் ஸ்கூட்டியும் ஓட்டலாம், மாற்றி நடக்காது. எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் முடிந்திருக்க வேண்டும், அது 6 மாதம்தான் செல்லும். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டிக்கொண்டு போங்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, 18 செ.மீ. சதுரம் என்று விதியே இருக்கிறது. கிழித்த நோட்டுத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது.

முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி அடித்துவிடும், பின் பிரேக் மட்டும் போதும் என்று என் தம்பி சொல்லிக் கொடுத்திருக்கிறான். சரியா?
- வாசகி, மயிலாடுதுறை

தம்பி சொன்னதை மறந்துவிடுங்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் கனம் முன்னால் சாய்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது நாம் சாய்கிற மாதிரி. அப்போது முன் சக்கரம்தான் தரையை அழுத்திப் பிடிக்கும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை மட்டும் இறுக்கினால் அது பூட்டிக்கொண்டு பாம்பு மாதிரி வழுக்கும்.

தூக்கி அடிப்பது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பதால். வண்டி நேராக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவது போல் படிப்படியாக இறுக்குங்கள். 20-இல் பழகி, அப்புறம் 30-க்குப் போங்கள். மணல், ஈரச் சாணி, அறுவடைக் காலத்தில் ரோட்டில் காய வைத்த வைக்கோல், இவற்றின் மேல் மட்டும் முன் பிரேக்கில் கை வைக்க வேண்டாம், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நம் டெல்டாவில் வைக்கோல் பெரிய வில்லங்கம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சி.சி. வரையிலான வண்டி என்றால் பெரும்பாலும் சி.பி.எஸ். இருக்கும். அதில் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். 125-க்கு மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கும். தம்பி பழகிய காலத்தில் இரண்டும் இருந்திருக்காது, பாவம்.

பையன் பிளஸ் ஒன். டியூஷனுக்கு என் 110 சி.சி. ஸ்கூட்டியை எடுத்துப் போகிறான். 16 வயதிலேயே லைசென்ஸ் உண்டு என்கிறார்களே?
- ஒரு தந்தை, தஞ்சாவூர்

உண்டு. கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு. உங்கள் ஸ்கூட்டி அதில் வராது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட வராது. பையன் பிடிபட்டால் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். 18-இல் என்னிடம் அனுப்புங்கள்.

ஹெல்மெட் தலையில் ஆடுகிறது. அண்ணனுடையது. வாரை இறுக்கினால் சரியாகிவிடாதா?
- வாசகி, நாகப்பட்டினம்

ஆகாது. தலையை வேகமாக ஆட்டும்போது ஹெல்மெட்டும் கூடவே வர வேண்டும், தனியாகச் சுற்றக் கூடாது. நெற்றியைச் சுற்றி டேப்பால் அளந்து அந்த அளவில் புதிதாக வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூனிலிருந்து முத்திரை இல்லாததை விற்பதே குற்றம், ஆனாலும் ரோட்டோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொண்டு அளவு பாருங்கள். துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். ஹவாய் செருப்போடு வராதீர்கள், கியர் மிதிக்கும்போது நழுவும்.

தாத்தாவின் பழைய புல்லட் இருக்கிறது. அதிலேயே பழகினால் மற்ற எந்த வண்டியும் ஓட்டலாம் என்கிறார். உண்மையா?
- இளைஞர், மன்னார்குடி

தாத்தாவுக்கு வணக்கம். அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. கிக் அடிக்க, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்து அடிக்க வேண்டும், தவறினால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். ஸ்ப்ளெண்டரைவிட அரை மடங்கு கூடக் கனம் வேறு. அதில் பழகிவிட்டுப் புது வண்டியில் ஏறினால், அவசரத்துக்கு பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். முதலில் ஒரு 100 சி.சி. வண்டியில் பழகி லைசென்ஸ் வாங்குங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவையும் புல்லட்டையும் களத்துக்குக் கூட்டி வாருங்கள், எனக்கும் ஒரு ரவுண்டு போக ஆசை.