கயிறு அறுத்த கல் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மான்செஸ்டரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போனாள். மேடில்லை, பள்ளமில்லை. சேறும் சருகும்தான். நீங்கள் வருஷா வருஷம் அக்டோபரில் அங்கே நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே அப்படி என்ன இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

மேடுபள்ளம் இல்லை என்கிறீர்களே, எனக்குப் பிடித்ததே அதுதான். அந்தக் கரைப் பாதை நமக்காகப் போட்டதல்ல, குதிரைக்காகப் போட்டது. 1831இல் கால்வாய் திறந்தபோது படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டிக் குதிரைதான் இழுத்தது. சாலையில் இரண்டு டன் வண்டிக்கே திணறும் குதிரை, தண்ணீரில் 20 டன்னுக்கு மேல் இழுக்கும். அதற்குத் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும். அதனால் 26 மைல் கால்வாயின் ஏற்ற இறக்கத்தை ஏறக்குறைய முழுவதும் போஸ்லி என்ற இடத்தில் 12 லாக்குகளுக்குள் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) அடக்கிவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை எழுப்பி மட்டம் பிடித்தது.

அடுத்த முறை பாலத்தடியில் நின்று முனைக்கல்லைத் தடவிப் பாருங்கள். சில பாலங்களில் விரல் பதியும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மண் ஒட்டிய ஈரக் கயிறு உரசி உரசி அறுத்தது. நம் ஊர்க் கிணற்றுக் கல்லில் பார்த்திருப்பீர்கள், அதே தடம். அக்டோபர் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரியும்.

காங்கிள்டன் ஊர்ப் பக்கம் பாதை கரை மாறும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. பாம்புப் பாலம் என்பார்கள். குதிரை மேலே ஏறி மறுகரையில் வளைந்து இறங்கி, அதே பாலத்தின் அடியில் நுழைந்து போகும். கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம்! நான் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன்.

அங்கேதான் ஒருநாள் தண்ணீரே தெரியாமல் சருகு மூடிக் கிடந்தது. வந்த படகு திணறி நின்றது. ஓட்டுபவர் இன்ஜினைச் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றினார். படகைத் தள்ளும் அடிவிசிறியில் சிக்கிய சருகெல்லாம் பழுப்பாகக் கொப்பளித்து மேலே வந்தது. அப்புறம் படகு மெல்ல நகர்ந்தது, என் நடைக்குச் சமமாக. பின்னால் ஒரு கோடு தண்ணீர் திறந்து, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிக்கொண்டது.

காங்கிள்டன் ஸ்டேஷனில் இறங்கினால் கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. கணுக்கால் மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அப்புறம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் ஒரு நடை போய் வாருங்கள்.