நீதியரசர் வந்து என்ன கண்டோம்?

கேள்வி: நீதியரசர் விக்னேஸ்வரன் வட மாகாண முதலமைச்சராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து எங்களுக்கு என்ன கிடைத்தது? நீதிபதிகள் அரசியலுக்கு வராமல் இருப்பதே நல்லது, சரிதானே?
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: பாதிதான் சரி. 2001இல் உயர் நீதிமன்ற நீதியரசராகப் பதவியேற்ற வைபவத்திலேயே, போர்க்காலக் கொழும்பில் நின்றுகொண்டு, தமிழருக்கு நடக்கும் அநியாயத்தைப் பேசியவர் அவர். 2013 வட மாகாண சபைத் தேர்தலில் சனம் 132,255 விருப்பு வாக்குகளை அள்ளிக் கொடுத்தது அந்தத் துணிவை நம்பித்தான். 2015 பெப்ரவரியில் வட மாகாண சபையில், தமிழருக்கு நடந்தது இனப்படுகொலைதான் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். இதையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் நிர்வாகம் என்று வந்தபோது கோட்டைவிட்டார். 2017 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். அமைச்சர்கள் மீது முறைப்பாடு வந்தது, அவரே விசாரணைக் குழு போட்டார். இருவர் விலகவேண்டும் என்று குழு சொன்னது, விலகச் சொன்னார், சரி. குழு குற்றம் காணாத மற்ற இருவரையும் ஏன் விடுப்பில் போகச் சொன்னார்? நீதிமன்றத்தில் இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா? அன்றிரவே சொந்தக் கட்சி உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாப் பிரேரணையோடு ஆளுநரிடம் போய்விட்டார்கள். அப்புறம் விடுப்பில் போகச் சொன்ன இருவரில் ஒருவரான டெனீஸ்வரனைப் பதவி நீக்க, அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார், அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை என்று அங்கே தீர்ப்பானது. விக்னேஸ்வரன் ஒரு காலத்தில் நீதிபதியாக இருந்த அதே நீதிமன்றம். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

நீதிபதி தனியே இருந்து யோசித்துத் தீர்ப்பு எழுதலாம், யாரையும் சமாதானப்படுத்தத் தேவையில்லை. 38 பேர் இருந்த சபையில் 30 பேர் சொந்த அணியாக இருந்தும், அவர்களைக் கூப்பிட்டு இருத்திப் பேசி, கோபப்படுபவனையும் அணைத்துக்கொண்டு போகிற வேலையை அவர் செய்யவில்லை. நாடாளுமன்றத்திலும் அதுதான் கதை. 2020இல் அவருடைய கூட்டணிக்குக் கிடைத்தது ஒரே ஆசனம். தமிழின் தொன்மை பற்றிய முதல் உரைக்குத் தெற்கில் பெரிய கூச்சல் எழுந்தது, அவர் அசையவில்லை, நல்லது. ஆனால் தனிக் குரலாகவே இருந்துவிட்டு 2024இல் போட்டியிடாமல் ஒதுங்கிவிட்டார்.

நீதிபதிகள் வரட்டும் ஐயா, தடுக்கவேண்டாம். எடுத்த எடுப்பில் முதலமைச்சர் கதிரையில் இருத்தாமல், ஒரு தவணை சாதாரண உறுப்பினராக இருக்க விடுங்கள். அதற்கும் முதலில் மாகாண சபை வேண்டுமே! 2018 ஒக்ரோபரில் சபை கலைந்தபிறகு இங்கே அந்தத் தேர்தலே நடக்கவில்லை. உங்கள் அடுத்த கேள்வியை அதைப் பற்றி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.