கொக்கு வெள்ளைக்கு எப்போது குளியல்?

கேள்வி: அண்ணே, கொக்கு வெள்ளை நிறத்தில் கிளிமூக்கு விசிறிவால் இனச் சேவல் ஒன்று வைத்திருக்கிறேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பக்கம் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன். வால், கால் எல்லாம் செம்மண் கறை. சனிக்கிழமை ராத்திரி ஷாம்பு போட்டு ஹேர் டிரையரில் காய வைத்தால் போதுமா?
- வாசகர், மேலூர்

பதில்: சனிக்கிழமை ராத்திரி வேண்டவே வேண்டாம் தம்பி, வியாழன் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோழிக்கு வால் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகைக் கோதித்தான் மினுமினுப்பு ஏற்றும். ஷாம்பு அந்த எண்ணெயை வழித்து எடுத்துவிடும், திரும்பப் பூசிக்கொள்ள இரண்டு மூன்று நாளாவது வேண்டும். நானும் ஒரு மார்கழியில் இதே தப்பைச் செய்தவன்தான். விடிகாலை கூண்டைத் திறந்தால் சேவல் இறகை உப்பிக்கொண்டு நடுங்கி நிற்கிறது, மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் விரலை உள்ளே விட்டால் ஈரம். அன்றைக்குக் கண்காட்சிக்கே போகவில்லை.

அப்புறம், கறை வாலிலும் காலிலும் மட்டும்தான் என்றால் அதை மட்டும் கழுவுங்கள், உடம்பு முழுக்க முக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. மூன்று அன்னக்கூடை போதும்: ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரோடு குழந்தை ஷாம்பு கொஞ்சம், அடுத்ததில் வெறும் தண்ணீர், கடைசியில் தண்ணீரோடு ஒரு மூடி வினிகர், மிச்சப் பிசுக்கு அதோடு போய்விடும். இறகை அடியிலிருந்து நுனிப் பக்கமாகத்தான் தடவ வேண்டும், துணி மாதிரி கசக்கினால் இழை பிரிந்துவிடும். காலுக்குப் பழைய டூத் பிரஷ். வெதுவெதுப்பில் சில சேவல் கண் சொக்கிவிடும், அலகு தண்ணீரில் இறங்காமல் நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கையோடு சிறகுக்கு அடியில் பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

துண்டால் ஒற்றிவிட்டு, டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். இன்னொரு கையை இறகுக்குள் வைத்துக்கொண்டால் சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சு வழியாகத்தான் சூட்டை இறக்கும். காலை இளவெயில் சரி, நம்ம ஊர் உச்சி வெயிலில் கட்டிப்போட்டுவிடாதீர்கள். முக்கியமாக, ஞாயிறு வரைக்கும் வைக்கோல் போட்ட கூண்டிலேயே இருக்கட்டும். வெளியே விட்டீர்கள் என்றால் நேராகப் போய் அதே செம்மண்ணில்தான் புரளும்.

கேள்வி: சில்க்கி கோழிக்கும் இதே முறைதானா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கழுவுவது இதே மாதிரிதான், காய வைப்பதுதான் பெரும்பாடு. மற்றக் கோழி இறகில் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்ணிய கொக்கிகள் உண்டு, சில்க்கிக்கு அது இல்லாததால் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சித் தோல் வரைக்கும் நனைந்துவிடும். டிரையரோடு பொறுமையாக உட்காருங்கள், அடிவயிற்றுப் பஞ்சு விரலில் ஒட்டாமல் பிரிகிற வரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.