எதிராளி வெளிநாட்டில், வழக்கு மதுரையில்: கேள்வி பதில்

இலவச சட்ட உதவிப் பேனலில் பல வருஷம் வேலை பார்த்த வக்கீல் நான். வெளிநாடு சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பற்றிக் கேளுங்கள். பட்டா, வரப்புத் தகராறு இன்றைக்கு வேண்டாம்.

மேலூரிலிருந்து: கணவர் துபாயில். மூன்று வருஷமாகப் பணம் வரவில்லை. ஜீவனாம்ச வழக்குப் போட்டிருக்கிறேன். சம்மனை அரபியில் மொழிபெயர்க்கவே பெரிய செலவாகும் என்கிறார்கள். அரசாங்கம் தருமா? அப்பா பெயரில் நிலம் இருக்கிறது.

நிலம் இருந்தால் இருக்கட்டும்மா. 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் சட்டம் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வக்கீல் மட்டும் இல்லை; கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, ஆவண மொழிபெயர்ப்பும் அந்த உதவிக்குள் வரும். ஆனால் வாயால் கேட்டால் கிடைக்காது. மனுவில் ‘அரபி மொழிபெயர்ப்புச் செலவு’ என்று தனி வரியாக எழுதுங்கள். மேலூர் கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம்.

சம்மன் கோர்ட்டிலிருந்து டெல்லி சட்ட அமைச்சகம் போய், அங்கிருந்து அமீரகம் போகும். 1999இல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தம் அது. மாதக்கணக்கில் ஆகும். விலாசத்தில் வெறும் பி.ஓ. பாக்ஸ் நம்பரை எழுதிவிட்டு, ஒரு வருஷம் காத்திருந்து, அப்படியே திரும்பி வந்த சம்மனை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி பெயர், கேம்ப் இருக்கிற இடம், போன் நம்பர், கிடைத்ததையெல்லாம் கொடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: சவுதி வேலைக்கு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் வாங்கினார். ரசீது தரவில்லை.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கலாம் என்று விதி சொல்வது 30,000 ரூபாயும் அதற்கு வரியும்தான். போலீசில் எழுத்தில் புகார் கொடுங்கள், புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். ரசீது, ரசீது, ரசீது!

திருநகரிலிருந்து: சம்பாதிக்கப் போனது அவரவர் இஷ்டம். அங்கே மாட்டிக்கொண்டால் நம் வரிப்பணத்தில் வக்கீல் வைப்பதா?

எந்த வரிப்பணம் சார்? தூதரகங்கள் வக்கீல் உதவி, விமான டிக்கெட், சடலம் கொண்டுவருவது என்று செலவழிப்பது 2009இல் வந்த இந்திய சமூக நல நிதியிலிருந்து. அங்கே பாஸ்போர்ட் புதுப்பிக்கிறவர்களிடம் சேவைக் கட்டணத்தோடு கூடுதலாக ஒரு சிறு தொகை வாங்கிச் சேர்க்கிற நிதி அது. கொத்தனார் போட்ட காசு கொத்தனாருக்கே திரும்புகிறது.

மறுபடி திருநகர்: மேலூர் அம்மாவுக்குத் தருவது வரிப்பணம்தானே?

ஆமாம், அது வரிப்பணம். வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி தரணும் என்று அரசமைப்பின் 39ஏ பிரிவு சொல்கிற கடமை, தர்மக் காசு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003இலேயே உத்தரவு போட்டு, இன்னொரு உறுப்பு நாட்டு கோர்ட்டுக்குப் போகிற வசதியில்லாதவருக்கு மொழிபெயர்ப்போடு, அவசியமானால் பயணச் செலவும் தருகிறார்கள். நான் கேட்பது அரபி மொழிபெயர்ப்புக் கூலி மட்டும். உங்களோடு விவாதம் பண்ண எனக்கும் ஆசைதான், பின்னால் வரிசை நிற்கிறது.

கே.புதூரிலிருந்து: சிங்கப்பூர் கோர்ட்டில் கடன் பாக்கிக்குத் தீர்ப்பு வாங்கினேன். கடன்காரருக்கு இங்கே வீடு இருக்கிறது.

சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவு இருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு மாவட்ட கோர்ட்டில் நேரடியாக நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கிற மனு போடலாம். அமீரகத் தீர்ப்புக்கும் 2020 ஜனவரியிலிருந்து இதே வழி. அமெரிக்கத் தீர்ப்பு என்றால் அதை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போடணும்.

வாடிப்பட்டியிலிருந்து: நான் பெண், டீச்சர் சம்பளம். இலவச வக்கீல் கிடைக்குமா?

மேலூருக்குச் சொன்ன பதில்தான். கிடைக்கும்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணன் துபாயிலிருந்து எனக்குப் பவர் பத்திரம் அனுப்புகிறார். என்ன செய்யணும்?

துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டணும். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

சோழவந்தானிலிருந்து: பெண்களுக்கு வருமானச் சான்று வேண்டுமா?

ஐயோ. வேண்டாம்.

பெயர், ஊர் இல்லாமல்: உங்கள் செல் நம்பர் கிடைக்குமா?

15100. சட்ட உதவிக்கான இலவச எண். எனக்கும் சேர்த்து அதுதான்.