நேற்று திருத்திய கோப்பு எங்கே போனது?

கேள்வி: நேற்று மாலை திருத்திய கோப்பைத் தேடி, லினக்ஸில் கோப்புகளைத் தேடித்தரும் ஃபைண்ட் கட்டளையில், திருத்திய நேரத்தைச் சோதிக்கும் '-எம்டைம் 1' கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கோப்போ அதே இடத்தில்தான் இருக்கிறது!

ஃபைண்டுக்கு நேற்று, இன்று என்பதெல்லாம் தெரியாது. கட்டளையை இயக்கிய நொடியிலிருந்து பின்னோக்கி, 24 மணி நேரத்தை ஒரு கட்டாக எண்ணிக்கொண்டு போகும். முழுக் கட்டாகாமல் மிஞ்சும் நேரத்தை உதறிவிடும். நேற்று மாலை 6 மணிக்குத் திருத்திய கோப்பை இன்று காலை 10 மணிக்குத் தேடினால், இடையில் கழிந்தது 16 மணி நேரம். ஒரு கட்டுகூட நிறையவில்லை. ஆகவே கோப்பின் வயது 0. '-எம்டைம் 1' கேட்பதோ 24 மணி நேரம் நிறைந்து 48 ஆகாதவற்றை. '-எம்டைம் 0' என்றிருந்தால் அகப்பட்டிருக்கும்.

இதே கணக்கு '+' குறியில் இன்னும் மோசமாகக் காலை வாரும். '-எம்டைம் +1' என்பதை 'ஒரு நாளுக்கு மேல்' என்று படிக்கத் தோன்றும். 30 மணி நேரம் பழைய கோப்பு அதில் வராது. 48 மணி நேரம் நிறைந்திருக்க வேண்டும். பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதும்போது நானும் இதில் சறுக்கியிருக்கிறேன்.

நாள்காட்டி சொல்லும் நேற்றுதான் வேண்டுமென்றால், '-டேஸ்டார்ட் -எம்டைம் 1' என்று கொடுங்கள். கணக்கு நள்ளிரவிலிருந்து தொடங்கும். டேஸ்டார்ட் முன்னால் வர வேண்டும். தனக்குப் பின்னால் வரும் சோதனைகளை மட்டுமே அது மாற்றும். கடைசி ஒரு மணி நேரம் போதுமா? '-எம்மின் -60'.

கேள்வி: 2024 மார்ச் மாதத்தில் திருத்தியவை மட்டும் வேண்டும். நாள்களை எண்ணிக் கழித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். '-நியூவர்எம்டி 2024-03-01 ! -நியூவர்எம்டி 2024-04-01' என்று தேதியையே கொடுக்கலாம். '-நியூவர்எம்டி' அந்தத் தேதிக்குப் பின் திருத்தியவற்றைக் கேட்கும்; ஆச்சரியக்குறி தனக்குப் பின் வருவதை மறுக்கும். ஆச்சரியக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள். மேல் எல்லை ஏன் ஏப்ரல் 1? நேரம் சொல்லாத தேதிக்கு அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு என்று பொருள். மார்ச் 31 என்று போட்டால் அந்தக் கடைசி நாள் முழுவதும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: கோப்பை உருவாக்கிய தேதியைத் தருவது சிடைம்தானே?

இல்லை. பெயர் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. அதிலுள்ள 'சி' மாற்றத்தைக் குறிப்பது. உள்ளடக்கத்தைத் தொடாமல் அனுமதியையோ உரிமையாளரையோ மாற்றினாலும் சிடைம் புதுப்பிக்கப்படும். பிறந்த நேரத்தை எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் தனியாகக் குறித்து வைக்கின்றன. ஆனால் அதைக் கேட்டு வாங்கப் பொதுவான வழி, 2017இல் வந்த லினக்ஸ் 4.11இல்தான் கிடைத்தது. கோப்பின் விவரங்களைச் சொல்லும் ஸ்டாட் கட்டளையின் புதிய பதிப்பு காட்டும் 'பர்த்' வரியைப் பாருங்கள். நகலெடுத்த கோப்புக்கு நகலெடுத்த நேரமே பிறந்த நேரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: இன்றுதான் ஒரு ஜிப் கோப்பை விரித்தேன். 'எம்டைம் 0' தேடலில் அதிலிருந்தவை எவையும் வரவில்லையே?

விரிக்கும் நிரல் உள்ளே பதிந்திருந்த பழைய திருத்த நேரத்தையே கோப்புகளுக்குத் திரும்பச் சூட்டிவிடுகிறது. கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் நிரலும் வழக்கமாக அப்படித்தான். எம்டைம் சொல்வது உள்ளடக்கம் மாறிய கதையை. உங்கள் வட்டுக்கு வந்து சேர்ந்த கதையை அன்று. இங்கே, சற்று முன் குறை சொன்ன சிடைமே கைகொடுக்கும்: '-சிடைம் 0' போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 30 நாள் கடந்த பதிவுக் கோப்புகளை அழிக்க வேண்டும்.

முதலில் '-டைப் எஃப் -எம்டைம் +29 -பிரிண்ட்' என்று இயக்கிப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள் ('-டைப் எஃப்' அடைவுகளை விட்டுக் கோப்புகளை மட்டும் எடுக்கும்; '+30' என்றால் 31 நாள் நிறைந்திருக்க வேண்டும்). சரியாக இருந்தால், 'பிரிண்ட்' இருந்த அதே கடைசி இடத்தில் '-டெலீட்' வையுங்கள். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். '-டெலீட்' முன்னால் வந்துவிட்டால், வயதைச் சோதிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். பிறகு கேட்டுப் பெறக் குப்பைத்தொட்டியும் கிடையாது.