பச்சை முனைத் தோட்டாவும் எச்-1பி விசாவும்

கேள்வி: டல்லாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். வேறு மாநிலத்துக்குக் குடிபோன அமெரிக்க நண்பர், தன் ஏஆர்-15 துப்பாக்கிக்கு வாங்கிய எம்855 தோட்டாப் பெட்டி ஒன்றை என் வீட்டில் விட்டுப் போனார். தோட்டா முனையில் பச்சை வண்ணம். “இது கவசம் துளைக்கும் ரகம், அரசு தடை செய்துவிட்டது” என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். உங்களுக்குச் சிக்கல் வருவது அந்தப் பச்சை வண்ணத்தால் அல்ல, விசாவால்.

கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 922(ஜி)(5)(பி): குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு அடங்காது. சாதாரணத் தோட்டா ஒன்று இருந்தாலே போதும். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் வழியுண்டு.

சுடும் பயிற்சிக் கூடத்தில் வாடகைத் துப்பாக்கியைத் தொடுவதும் ஆபத்துதான். நம் பிள்ளைகள் பலர் வார இறுதியில் விளையாட்டாகப் போய்வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் ஃபுளோரிடாவில் அப்படிச் சுடப் போனதில்தான் தொடங்கியது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் விசா என்னவென்று நீங்களே எழுதியிருப்பதால், அந்த வாதம் உங்களுக்கு உதவாது.

முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: அமெரிக்காவில் முறைப்படி பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம். உங்களிடம் அது ஏற்கெனவே இருந்தால் நிலைமை மாறும். இன்று வாங்கினால் நேற்றுவரை வைத்திருந்ததை அது மறைக்காது.

இனி பச்சை முனை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்களின் கவச உடையைக் காக்க வந்தது. கைத்துப்பாக்கியில் பயன்படுத்தக்கூடியதும், முழுக்க எஃகு, டங்ஸ்டன், பித்தளை போன்ற உலோகங்களால் ஆனதுமான குண்டையே அது முதன்மையாகக் கவசம் துளைக்கும் ரகம் என்று குறிக்கிறது. அதன் தடை தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் மீதுதான். தனிநபர் வெறுமனே வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கவில்லை. எம்855-இல் எஃகு முனைக்குப் பின்னால் ஈயம் இருக்கிறது. விளையாட்டுப் பயன்பாட்டுக்கானது என்று 1986-இலேயே விலக்கும் பெற்றது. 2015 பிப்ரவரியில், துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் அந்த விலக்கை நீக்க முன்மொழிந்தது. 80,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்ததும் மார்ச்சில் அந்த முயற்சியை நிறுத்திவைத்தது. அலுவலகத்தில் நீங்கள் கேட்ட ‘தடை’ அந்த முன்மொழிவின் மிச்சமாக இருக்கலாம்.

குற்றவியலும் குடியேற்றமும் தெரிந்த வழக்கறிஞரை இன்றே பாருங்கள். பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள், காரில் எடுத்துச் செல்லாதீர்கள். ஒப்படைக்கும் வழியை அவரே ஏற்பாடு செய்யட்டும். நண்பருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகலாம். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு) நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள்.