டீலரிடம் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறேன்; ஏலத்தில் அதே கார் விலை குறைவு, எடுக்கலாமா?

ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள் என்றால் அந்த ஏலக் காரை விட்டுவிடுங்கள். டீலரிடம் இருப்பதையே பேரம் பேசி எடுங்கள். அதே மாடல், அதே வருடம் என்றாலும், இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் முழுதாக மிச்சமாகாது. ஏலக் கட்டணம், வரி, வண்டியை எடுத்து வரும் செலவு, அப்புறம் டயர், பேட்டரி என்று ஏறிக்கொண்டே போகும்.

விலை குறைய ஒரு காரணம் இருக்கலாம்: எக்ஸ்சேஞ்சில் வந்ததில் நல்லதை டீலர் தன்னிடமே வைத்துக்கொண்டு, செலவு வைக்கும் வண்டியை ஏலத்துக்குத் தள்ளிவிடுவார். கடன் கட்டாததால் வங்கி எடுத்த வண்டி என்றால் கதை வேறு. அதில் நல்லதும் சிக்கும்.

இன்னும் ஆசை விடவில்லையா? சரி, பார்வையிடும் நாளில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருந்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மட்டும் சேற்றுக் கறை தெரிந்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் கையை விட்டுத் தடவுங்கள், வண்டல் அங்கேதான் தங்கும்.

டீலர் வாரண்டி என்றதும் மயங்க வேண்டாம். கியர்பாக்ஸ் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.